விடாத பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு முதலில் கண்ணில் பட்டது, காரின் முன் இடது சக்கரத்திலிருந்து வந்த புகை. அதிகமில்லை. ஒரு பீடிக்கு உண்டான அளவுதான். கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். டம்ளரைக் கையில் வாங்கித் திரும்பியபோது அதைப் பார்த்தேன்.

கடைக்காரரும் பார்த்தார்.

"சார், வண்டி பீடி குடிக்குது."

இரவு ஷிப்ட் முடித்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர், "வயசாயிடுச்சு இல்ல, இனிமே யாருக்கு பயப்படணும்," என்றார்.

வண்டி அம்பாசிடர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையது. நான் மாவட்ட நிருபராக இருந்த பத்திரிகையின் அலுவலக வண்டி அது. அலுவலகம் அதைக் கழித்துவிட்டபோது நான் எடுத்துக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில், 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். காவல் நிலையத்தில் அப்படிச் சொல்வார்கள், அப்படியே எழுதுவேன். பிடித்த பிரேக் விடாமல் போனதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி சக்கரத்தின் மேல் ஊற்றினேன். தோசைக்கல்லில் ஊற்றிய சத்தம் வந்தது. மற்ற மூன்று சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தேன். மூன்றும் சூடு. கியரை விடுவித்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினேன். நகரவில்லை. பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்து வந்து தள்ளினார்கள். அப்போதும் நகரவில்லை.

"ஹேண்ட் பிரேக்க போட்டுக்கினு எங்கள தள்ள சொல்றியா சார்?"

போடவில்லை என்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

இந்த வண்டியில் பெடலை மிதித்தால், தரைக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் மெல்லிய குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் தள்ளப்படுகிறது. சக்கரங்களில் இருக்கும் சிறு சிலிண்டர்கள் பிரேக் ஷூக்களை விரித்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. சக்கரம் நிற்கிறது. காலை எடுத்தால் ஆயில் வந்த வழியே திரும்ப வேண்டும். அன்று திரும்பவில்லை.

டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து, புகைந்த சக்கரத்தின் பின்புறம், ஆயிலை வெளியே விடுவதற்கென்று இருக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்பினேன். ஆயில் பீய்ச்சி என் சட்டைக் கையில் விழுந்தது. சக்கரம் விட்டது. எல்லாம் ஒரே குழாய்த் தொடர் என்பதால் மற்ற மூன்றும் விட்டன. நிப்பிளை மூடினேன். பெடலைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கை நம்பி, மனிதர் நடக்கும் வேகத்தில் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஒரு நாய் முன்னால் நடந்தது. அதை முந்தவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த வண்டியில் ஒரு மணப்பெண் ஆலயத்துக்குப் போயாக வேண்டும்.

மணப்பெண் பக்கத்து வீட்டுக்காரரின் மகள். பக்கத்து வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்பு போர்மேன். ஆலையிலும் தெருவிலும் அவருக்குப் பெயரே போர்மேன்தான். முப்பத்தொரு ஆண்டாக ஹைட்ராலிக் பிரஸ்களைப் பார்த்துக்கொள்கிறார். அவற்றில் பெரியது ஐந்நூறு டன். அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய கழனி இருந்த இடத்தில்தான் அந்த ஆலை இருக்கிறது. சரியாக எந்த இடம் என்று ஒருமுறை கேட்டேன். கேன்டீன் என்றார்.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஒரு கொட்டகை உண்டு. வண்டி அதில் நிற்கும். மதில் சுவர் இடுப்பு உயரம்தான் என்பதால் அவர் வண்டியைத் தன்னுடையதாகவும் நினைத்துக்கொள்வார். நானும் மறுத்ததில்லை. பிரேக்கில் காற்று புகுந்தால் எடுப்பது, ஷூக்களை அட்ஜஸ்ட் செய்வது எல்லாம் அவர் கையால்தான்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன், ஆவடியில் டிராவல்ஸ் நடத்துபவர், பெண்ணை ஆலயத்துக்கு அழைத்து வரத் தன்னுடைய நீளமான வெள்ளைக் காரை அனுப்புவதாகச் சொன்னார்.

"வேணாங்க," என்றார் போர்மேன். "எம் பொண்ணு சாரோட அம்பாசிடர்ல வருவா. அதுக்கு பிரேக்கு பாக்கறது நானு."

"வருமா, தள்ளிக்கினு வரணுமா?"

"வரும். நிக்க வேண்டிய எடத்துல நிக்கும்."

தாய்மாமன் சிரித்தார். அவர் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாற்பது பேர் இதைக் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த வண்டியில் பெண் போவது என்பது போர்மேனுக்கு வெறும் போக்குவரத்து ஏற்பாடாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டபோது மணப்பெண் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். வெயிலில் இறங்கக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் அம்மாவின் உத்தரவு. ஆலயத்துக்குக்கூடப் பெற்றோர் மட்டும் போயிருந்தார்கள். முகம் முழுக்கக் கடலை மாவும் மஞ்சளும் பூசிக் காயவிட்டிருந்தாள். காய்வதற்குள் பேசினால் வெடித்துவிடும் என்பதால் உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"இன்னா அங்கிள், மாட்ட இட்டுக்கினு வர்ற மாதிரி வரீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சட்டைக் கையைக் காட்டினேன்.

இந்தப் பெண் வேலை பார்ப்பது கார்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் ஆலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். சட்டையில் இருந்த கறையை மதில் மேல் சாய்ந்து பார்த்தாள். விரலால் தொட்டுத் தேய்த்தாள்.

"வழவழன்னு இருக்கு. ஒரு சொட்டு தண்ணியில உட்டுப் பாக்கலாம். ஆன்ட்டி, ஒரு டம்ளர்ல தண்ணி. எவர்சில்வர் வேணாம், கண்ணாடி."

என் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. காரணம் சொல்லாமல் எதையும் கொடுக்க மாட்டார். அன்று கொடுத்தார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் ஆறு கண்ணாடி டம்ளர்களில் ஒன்று. மிச்சம் ஐந்துதான் இனி என்பதை டம்ளரை நீட்டும்போதே சொல்லிவிட்டார்.

வண்டிக்குள் தரை விரிப்பைத் தூக்கினால் ஓட்டுநர் காலடியில் ஒரு தகடு இருக்கும். அதைக் கழற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் மூடி. மூடியைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நுனியிலிருந்து ஒரு சொட்டை டம்ளருக்குள் விட்டேன். சொட்டு மேலேயே நின்றது. விரிந்து, வானவில் நிறத்தில் ஒரு வட்டம் ஆயிற்று.

"பிரேக் ஆயிலா இருந்தா தண்ணியில கரைஞ்சிருக்கும்," என்றாள். "இது மெதக்குது. இது மெஷின்ல ஊத்தற ஆயில். இது பட்டா உள்ள இருக்கற ரப்பர் கப்பெல்லாம் ஊறி உப்பிடும். உப்பிச்சின்னா ஆயில் திரும்பற ஓட்டை அடைச்சிக்கும்."

'உப்பிச்சின்னா' என்ற இடத்தில் தாடைக்குப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது.

"யாரு ஊத்துனது?" என்றாள்.

அந்த மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். நான் ஊற்றவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். "நான் மிதிக்கறதோட சரி," என்றார். காற்று எடுக்கும்போது பெடலை மிதிப்பது அவர் வேலை. மூன்றாவது ஆள் ஆலயத்தில் இருந்தார். மணப்பெண் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம மாத்திடலாமா?" என்றார் என் மனைவி, மெதுவாக.

அது என் மனதிலும் இருந்தது. போர்மேன் அந்த வாரம் பந்தல், சமையல், உறவினர் என்று ஓடிக்கொண்டிருப்பார். நான் ரப்பரை வாங்கி வந்து, வேறு மெக்கானிக்கை வைத்து, சத்தம் போடாமல் மாற்றிவிடலாம். ஆனால் அவர் வீட்டிலிருந்து நாலடி தூரத்தில் நான்கு சக்கரங்களையும் கழற்றி வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருப்பது எப்படி என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

முடிவெடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. ஒன்பதரைக்கு போர்மேன் ஆலயத்திலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதாகமம், முகத்தில் நல்ல திருப்தி. அன்று மூன்றாவது முறையாகக் கல்யாண அறிவிப்பு வாசித்திருந்தார்கள். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

"சார், காலையில வண்டி எடுத்தீங்க போல? பெடலு எப்படி கீது? வெண்ண மாதிரி இல்ல?"

என் மனைவி என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"நாந்தான் சார். செவ்வாக்கெழம கழுவ சொல்லோ மூடிய தொறந்து பாத்தேன். ஒரு வெரக்கட கொறஞ்சிருந்துது. கடையில விக்கிற சரக்கு எதுக்கு, பொண்ணு போற வண்டின்னு, நம்ம பெரிய பிரஸ்ஸுக்கு ஊத்தற ஆயிலு ஒரு பாட்டிலு கொண்ணாந்து ஊத்தனேன். திருடல சார். கேட் பாஸ் போட்டுக்கினுதான் வந்தேன்."

பையிலிருந்து கேட் பாஸை எடுத்துக் காட்டினார். 'மாதிரிக்காக, 250 மி.லி.' என்று எழுதி, பாதுகாப்பு அலுவலரின் முத்திரை இருந்தது.

பிறகுதான் பானெட் மேலிருந்த டம்ளரைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆயிலின் நிறத்தை வைத்து அது எத்தனை மாதம் ஓடியது என்று சொல்லக்கூடியவர் அவர்.

"நம்மளுதுதான்," என்றார்.

மகள்தான் சொன்னாள். புகை, தள்ளியது, நிப்பிள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அஞ்நூறு டன்னு தாங்குது, இந்த வண்டிய தாங்காதா?"

"பிரஸ்ல இருக்கற சீலு வேற ரப்பருப்பா. இதுல இருக்கறது வேற."

"எல்லாம் கறுப்பாத்தான கீது."

"கறுப்பா இருக்கறதெல்லாம் ஒரே ரப்பரு இல்லப்பா."

போர்மேன் டம்ளரை பானெட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் அழுகிறாரோ என்று என் மனைவி நினைத்ததாகப் பிறகு சொன்னார். பன்னிரண்டு நிமிடம் கழித்து காக்கி பேன்ட் போட்டுக்கொண்டு, ஒரு அட்டையில் தாள் செருகி, காதில் பேனாவுடன் வந்தார்.

அது அவர் ஆலையின் 'ஏன்-ஏன்' தாள். எந்த இயந்திரம் நின்றாலும் சரிசெய்தவர் அதை நிரப்ப வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வழக்கம், தொழிற்பேட்டையில் பல ஆலைகளில் உண்டு. ஏன் நின்றது என்று முதல் கட்டம். அதில் எழுதும் பதிலை எடுத்துக்கொண்டு, அது ஏன் என்று இரண்டாவது கட்டம். இப்படி ஐந்து. ஒரே ஒரு கண்டிப்பு: 'ஆளின் கவனக்குறைவு' என்று எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது. ஆள் நாளைக்கு மாறுவான், முறைதான் மாற வேண்டும் என்பது கொள்கை. அப்படி எழுதிய தாள் எழுதியவரிடமே திரும்பி வரும். போர்மேனின் ஆலையில் திருப்பி அனுப்புகிறவர் போர்மேன்.

இயந்திரத்தின் பெயர் என்ற இடத்தில் 'கார்' என்று எழுதினார். பானெட்டை மேஜையாக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தபடி நிரப்பினார்.

"ஒண்ணு. பொகை ஏன் வந்துது? பிரேக்கு உடல. ரெண்டு. ஏன் உடல? ரப்பர் கப்பு உப்பி, ஓட்டய அடச்சிக்கிச்சு. மூணு. ஏன் உப்பிச்சு? ஆயிலு மாறிப்போச்சு. நாலு."

நான்கில் பேனா நின்றது.

"ஏன் மாறிச்சு?" என்று தானே கேட்டுக்கொண்டார்.

"தெரியாம ஊத்திட்டாருன்னு எழுதாதப்பா," என்றாள் மகள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ரிட்டர்ன் ஆவும்."

"எனக்கு தெரியும்."

"மூடியில பாருங்க," என்றார் என் மனைவி. "என்ன ஊத்தணும்னு போட்டிருக்கணும் இல்ல?"

மூடியை எடுத்துப் பார்த்தோம். எழுத்து இருந்ததற்கான மேடு இருந்தது. எழுத்து இல்லை. வண்டி எனக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். நான்காவது கட்டத்தில், 'மூடியில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு. எழுத்து இல்லாட்டி கேட்டிருக்கணும். ஏன் கேக்கல?"

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. வரட்டும், வரட்டும் என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தோரு வருசமா எல்லாரும் எங்கிட்ட வந்துதான் கேப்பாங்க," என்றார் போர்மேன். பிறகு எழுதினார்: 'கேட்கும் முறை இல்லை.'

"இது ஆளை சொல்ற மாதிரி இருக்குப்பா."

"ஆள் இல்ல. முறை."

கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன். அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் இன்னொரு வரிசைக் கட்டங்கள்.

"ஆயிலு கொறஞ்சது ஏன்? அது தனி பிராப்ளம் சார். கொறஞ்சுதுன்னா எங்கயோ ஒழுவுது. கடைசியா எப்ப ஆயில மாத்தனீங்க?"

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். நான் மாற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் 'சார்' என்று எழுதினார். வேலையில் இருந்த காலத்தில் பலரைப் பற்றி நான் இப்படி ஒரு சொல்லில் எழுதியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

கடைசியாக ஒரு விதியும் சேர்த்தார். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேலையை முடித்துத் தாளை மூட முடியாவிட்டால் வண்டி ரிலீஸ் ஆகாது. பெண் ஆவடிக்காரர் அனுப்பும் வெள்ளைக் காரில் போவாள்.

"நீங்க சொன்ன வார்த்தை?" என்றார் என் மனைவி.

"வார்த்த இன்னா டீச்சர். உள்ள ஒக்காரப் போறது அவ."

சொல்லும்போது ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். 'இயக்காதே. ஆள் வேலை செய்கிறார்.'

திங்கட்கிழமை காலை ரயிலில் நான் சென்னைக்குப் போய், பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ரப்பர் தேடினேன். மாஸ்டர் சிலிண்டருக்கு ஒன்று, முன் சக்கரங்களுக்கு நான்கு, பின் சக்கரங்களுக்கு இரண்டு, வளையும் ரப்பர் குழாய்கள் மூன்று. ஒரு சொட்டு அந்த ஆயில் பட்டிருந்தாலும் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும் என்பது மணப்பெண்ணின் கட்டளை. பழையதைக் கழுவி மாட்டலாமே என்று கேட்ட கடைக்காரரிடம், அவளை அழைத்து, போனைக் கொடுத்தேன். பேசி முடித்ததும் அவர் பரணில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை பந்தல்காரர்கள் தெருவில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் நான்கு டிரம்களையும் கழற்றினோம். உறவினர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் வாசலில் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"பொண்ணோட அப்பா எங்க?"

"வண்டிக்கு அடியில."

பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "நைனா, கல்யாணம் உனுக்கா, வண்டிக்கா?" என்றார். அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

பழைய கப்புகள் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல இருந்தன. புதியதைப் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. போர்மேன் ஒன்றைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். ஆலையில் காட்ட வேண்டும் என்றார். பின் இடது சக்கரத்தின் சிலிண்டரைத் திறந்தபோது அதன் வாய் நெடுநாள் ஈரத்தில் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. ஒழுகியது அங்கேதான். தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதினார். எல்லாக் குழாய்களையும் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினோம். கடைசியில் வந்ததைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். வட்டம் வரவில்லை. டம்ளர் அதே டம்ளர்தான். என் மனைவி அதற்கு அடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார், சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்று.

புதன்கிழமை மதியம் புது ஆயில் ஊற்றினோம். முதல் சொட்டு டம்ளரில் விடப்பட்டது. கரைந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மருதாணி வைத்த இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண் தலையசைத்தாள்.

அதன் பிறகு காற்று எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தால், ஆயிலோடு காற்றுக் குமிழ்கள் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் காற்று மறுபடி உள்ளே போகும். இருக்கையில் என் மனைவி. பின் இடது சக்கரத்தில் போர்மேன். ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டு நான்.

"மிதிங்க டீச்சர்."

"மிதிச்சாச்சு."

"புடிங்க."

"புடிச்சிருக்கேன்."

"உடுங்க."

இப்படி ஒரு சக்கரத்துக்கு இருபது, முப்பது தடவை. மூன்றாவது சக்கரத்தில் என் மனைவி, "முப்பது வருஷம் நான் சொல்லிப் பிள்ளைங்க கேட்டாங்க," என்றார்.

"இப்ப நீங்க கேளுங்க டீச்சர். உடாதீங்க. உடாதீங்கன்னு சொல்றேன்."

"விடலையே."

"குரல்லயே உடற மாதிரி கீது."

நான்கு நாற்பதுக்கு ஆவடிக்காரர் போன் செய்தார். போர்மேனின் கை முழுக்க ஆயில் என்பதால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா சம்பந்தி, கார அனுப்பட்டுமா? டிரைவர் சும்மாத்தான் கீறான். பூ கட்டணுமே, அதான் கேட்டேன்."

"அஞ்சு மணிக்கு சொல்றேங்க."

"அஞ்சு மணிக்கு இன்னா?"

"டெஸ்ட் கீது."

சோதனை இதுதான். பெடலை முழு பலத்தோடு மிதித்து ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். தரைக்கும் பெடலுக்கும் நடுவில் அடிக்கோலை நிறுத்தி அளக்க வேண்டும். பெடல் இறங்கக் கூடாது. ஆலையில் பிரஸ்ஸுக்கும் இதே சோதனைதான், அடிக்கோலுக்குப் பதில் அழுத்தமானி என்றார் போர்மேன். என் மனைவி மிதித்தார். நான் கடிகாரம் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் பெடல் நான்கு மில்லிமீட்டர் இறங்கியது.

நான்கு மில்லிமீட்டர் ஒன்றும் பெரிதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போர்மேன் அதற்குள் வண்டிக்கு அடியில் இருந்தார். மணி நான்கு ஐம்பத்திரண்டு. பின் அச்சுக்கு மேலே மூன்று குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு நட்டின் கீழ் ஈரம். விரலால் தொட்டு எங்களிடம் காட்டினார். இறுக்கினார். மறுபடி கொஞ்சம் காற்று எடுத்தோம். மறுபடி என் மனைவி மிதித்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில் தெருவில் மைக் செட்காரர் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணியதில் என் மனைவி எரிச்சலடைந்தார். போர்மேன் தரையில் கன்னம் வைத்து அடிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கோடு நகரவில்லை.

"போதும் டீச்சர்."

"நிஜமாவா? விடலாமா?"

"உடுங்க."

விட்டார். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தோம். நான்கும் தடையில்லாமல் சுற்றின. ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் கடந்திருந்தது. தாளில் மூடிய நேரம் என்ற இடத்தில் 5.04 என்றே எழுதினார். காலக்கெடு ஐந்து என்று நான் நினைவூட்டவில்லை. மகள் நினைவூட்டினாள்.

"டிலேக்கு காரணம் எழுதணும்பா."

'நட்டு' என்று எழுதினார். கை கழுவிக்கொண்டு வந்து ஆவடிக்குப் போன் செய்தார்.

"வேணாங்க சம்பந்தி. நம்ம வண்டியே வருது."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஸ்பீக்கரில் போடவில்லை. கேட்டுக்கொண்டே கொட்டகையில் இங்கும் அங்கும் நடந்தார். "சரிங்க," என்றார். "சரிங்க, பாக்கத்தான போறீங்க," என்றார்.

வியாழக்கிழமை காலை சிவப்பு அட்டையை அவிழ்த்து அந்த இடத்தில் ரோஜாச் சரம் சுற்றினார்கள். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் என்ன ஊற்ற வேண்டும் என்பதை நானே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தேன். தாளின்படி அது என் பொறுப்பு. மணப்பெண்ணும் அவள் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். வெள்ளைப் புடவையின் ஓரம் கதவில் சிக்காமல் என் மனைவி உள்ளே எடுத்து வைத்தார். நான் ஓட்டுவதாகத்தான் பேச்சு. சாவியைப் போடப் போனபோது போர்மேன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து நீட்டினார்.

"நான் ஓட்றேன் சார்."

நான் பக்கத்து இருக்கைக்குப் போனேன். ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பந்தலைத் தாண்டுவதற்கு முன்பே பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. காலை எடுத்தார். வண்டி தானாக மெல்ல உருண்டது. கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"அப்பா, நேரம் ஆவுது."

"ஆவட்டும்."

சாலை முனையில் மறுபடி நிறுத்தினார். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். உறவினர்கள் சிலர் நடந்தே எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் பள்ளிப்பட்டுப் பெரியவரும் இருந்தார். ஆலய வாசலில் ஆவடிக்காரர் தன் வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றிருந்தார். போர்மேன் அவருடைய செருப்பு நுனிக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இறங்கி, மகளுக்குக் கதவைத் திறந்தார்.

எங்கள் தெருவிலிருந்து ஆலயத்துக்கு ஆயிரத்து நூறு மீட்டர். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. வழியில் ஒன்பது இடங்களில் அவர் வண்டியை முழுவதுமாக நிறுத்தினார். குறுக்கே எதுவும் வரவில்லை.